வாயால் சொன்ன முப்பத்து நான்கு

கல்முனையில் கடற்கரைக்குப் போகும் வீதியொன்றில் தையற்கடை வைத்திருக்கும் றெமிஜியஸ், தன்னிடம் வரும் ஒவ்வொரு ஆணுக்கும் இரண்டு வயிற்றளவுகள் வைத்திருந்தார். ஒன்று புத்தகத்தில் எழுதுவது. மற்றது வாயால் சொல்வது. எழுதும் அளவு கால் அங்குலம்கூடப் பிசகாது. வாயால் சொல்லும் அளவு, ஆளைப் பொறுத்து, ஒன்றிலிருந்து எட்டு அங்குலம் வரை குறையும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1989 ஜூன் மாதம் ஓர் ஒப்பந்தகாரர் தன் புது மருமகனோடு கடைக்கு வந்தார். றெமிஜியசுக்கு அப்போது இருபத்தாறு வயது. கடை திறந்து மூன்று வருடம். வயிற்றைச் சுற்றி நாடாவைப் பிடித்து, “நாப்பத்திநாலு” என்று உரத்துச் சொல்லி எழுதினார். மருமகன் சிரித்துவிட்டான். ஒப்பந்தகாரர் துணியைச் சுருட்டிக் கமுக்கட்டில் வைத்துக்கொண்டு வெளியே போனார். பிறகு அந்தப் படியை மிதிக்கவேயில்லை. அன்றிலிருந்து றெமிஜியஸ் கையால் அளந்ததை வாயால் சொல்வதில்லை. போன தடவை சொன்ன எண்ணையே அடுத்த தடவையும் சொல்ல வேண்டுமே என்பதற்காக, சரியான அளவுக்குப் பக்கத்தில் சொன்ன அளவையும் சிவப்பு மையால் சிறிதாகக் குறித்து வைத்தார். அப்படி முப்பத்தொன்பது புத்தகங்கள் சேர்ந்தன. கடல் ஊருக்குள் வந்த 2004இல் வீட்டில் இருந்த இரண்டு புத்தகங்கள் நனைந்தன. அவற்றையும் வெயிலில் காயவைத்து, மங்கிய எண்களை மீண்டும் எழுதி அடுக்கினார்.

இந்தப் பக்கத்து ஊர்களில் ஓர் ஆண் தன் வயிற்றளவைத் தெரியாமலே வயதாகிவிடலாம். வீட்டில் சாரன். அதற்கு அளவில்லை, வயிறு எவ்வளவு பெருத்தாலும் சுற்றிச் செருகிக்கொள்ளலாம். பள்ளிவாசலுக்கு ஜுப்பா. அது தோளிலிருந்து தொங்கி எல்லாவற்றையும் மறைத்துவிடும். கால்சட்டை வயிற்றுக்குக் கீழே இறங்கி நின்றுகொள்ளும். ஆயத்த உடுப்பு வாங்காதவருக்கு அளவு சொல்ல உலகத்தில் ஒரே ஆள் தையற்காரர்தான். றெமிஜியசின் அளவு பிழைக்காது என்பதோ ஊரறிந்த செய்தி.

எல்லாம் தொடங்கியது 2025 ஜனவரி 23, வியாழக்கிழமை. காரைதீவைச் சேர்ந்த குணம் என்ற ஆசிரியர் அன்று பின்னேரம் நான்கு மணிக்கு இரண்டு கால்சட்டைகளை எடுக்க வரவேண்டும். நாலரைக்கு வந்தவர் குணத்தின் மைத்துனர்.

“அத்தான் மோசம் போயிற்றார். காலையில வகுப்பில எழுதிக்கொண்டு நிண்டவர், நெஞ்சப் பிடிச்சிக்கொண்டு கதிரையில இருந்தாராம். அவ்வளவுதான்.”

“மெலிஞ்ச ஆள்தானே அவர்” என்றார் றெமிஜியஸ்.

“அதுதான் எல்லாரும் கேக்காங்க. நாப்பத்தொன்பது வயசு.”

கால்சட்டைகள் கம்பியில் தொங்கின. பெயர்ச்சீட்டு இடுப்பில் குத்தியிருந்தது. மெலிந்த ஆள் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் றெமிஜியசுக்குப் புத்தகத்துப் பக்கம் கண்ணுக்குள் வந்தது. வயிறு நாற்பத்தொன்று. பிட்டத்தைச் சுற்றிய அளவு, தையற்காரர்கள் சீற் என்று சொல்வது, முப்பத்தாறு. கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் முன்னுக்கு நின்ற மனிதர். வாயால் சொன்னது முப்பத்தைந்து.

அந்த எண்ணுக்கும் சாவுக்கும் தொடர்பிருக்கும் என்று அப்போது அவருக்குத் தெரியாது. அதைச் சொன்னவள் நிறோசா. தாதி, றெமிஜியசின் பழைய கூட்டாளி ஒருவரின் மகள். பெப்ரவரி 5ஆம் தேதி, வர்த்தகர்களுக்கென்று ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த வைத்திய முகாமுக்கு நாலு அளவு நாடா வாங்க வந்தாள். துணி நாடா இழுபடும் என்று சொல்லி, இழுபடாத நாலு நாடாக்களை எடுத்து, ஒவ்வொன்றையும் இரும்பு அடிமட்டத்தோடு வைத்துப் பார்த்துக் கொடுத்தார்.

“இத வெச்சி எங்க அளப்பீங்க மகள்?”

“கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில மாமா. மூச்ச விட்டாப்பிறகு. கால்சட்டை கட்டுற இடத்தில அளந்தா அது இடுப்பில்ல, ஏமாத்து.”

“தராசு மட்டும் காணாதா?”

“தராசு முழுக்கதையும் சொல்லாது. கொழுப்பு எங்க இரிக்கு எண்டு பாக்கணும். துடையிலயும் பின்னாலயும் தோலுக்குக் கீழ இரிக்கிறது அவ்வளவு கரைச்சல் தாறல்ல. வயித்துக்குள்ள, ஈரலையும் குடலையும் சுத்தி இரிக்கிறதுதான் பொல்லாதது. அது சும்மா கிடக்காது. ரெத்தத்துக்குள்ள வேண்டாததை விட்டுக்கொண்டே இரிக்கும். ரெத்தக் குழாய் உள்ளுக்குத் தடிச்சி, வழி சிறுத்துப் போகும். ஆளுக்கு ஒண்டும் தெரியாது, நடக்கக்குள்ள நெஞ்சு புடிச்சி நிண்டாப் போனா அதையும் கேஸ் எண்டு விட்டிருவாங்க.” அவள் நாடாக்களைப் பைக்குள் வைத்தாள். “எங்கட ஆக்களப் பாருங்க, கை கால் மெலிஞ்சிரிக்கும், வயிறு மட்டும் நிக்கும். தராசில ஏறினா நல்ல ஆள்.”

“எத்தனைக்கு மேல போகப்படா?”

“ஆம்பிளைக்குத் தொண்ணூறு சென்ரிமீற்றர். முப்பத்தஞ்சரை இஞ்சி எண்டு வைங்களன்.”

“சீற்ற விட வயிறு கூட எண்டா?”

நிறோசா நிமிர்ந்து பார்த்தாள். “அப்பிடி ஆர் இரிக்கா?”

“சும்மா கேட்டன்.”

“அப்பிடி ஆள் எண்டா உடன சோதிச்சுப் பாக்கணும் மாமா. எல்லாரும் நாளைக்கே விழுறதில்ல. ஆனா பாக்காம இரிக்கப்படா.”

அவள் போனபின் றெமிஜியஸ் புத்தகங்களை இறக்கினார். இரண்டு நாள் தைக்கவில்லை. வயிறு சீற்றைத் தாண்டிய ஆண்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதினார். இருபத்துமூன்று பேர். அதில் ஏழு பேர் ஏற்கெனவே மண்ணுக்குள். என்னவாகிப் போனார்கள் என்று அவருக்குத் தெரிந்தது ஐந்து பேருடையது. ஐந்தும் நெஞ்சடைப்பு. மிச்சம் பதினாறு பேர் உயிரோடு நடந்து திரிந்தார்கள். வயிற்றுக்கும் சீற்றுக்கும் வித்தியாசம் ஆகக் கூடியவர் முதலாவதாக வரும்படி எழுதினார். முதற்பெயர் றிம்சான் ஹாஜியார்.

சாய்ந்தமருதில் மீன்பிடிக்காரருக்குக் கயிறும் வலையும் மிதப்பும் விற்பவர் றிம்சான். வயது ஐம்பத்தேழு. 1994இல் கலியாணக் கால்சட்டை தைத்தது றெமிஜியஸ். அன்று தொட்டுச் சிநேகிதம். தான் மெல்லிய ஆள் என்பதில் றிம்சானுக்கு ஒரு பெருமை இருந்தது. ஊரில் உள்ள பருத்த ஆட்களையெல்லாம் பகிடி பண்ணித் திரிவார். கலியாணத்துக்கு வயிறு முப்பத்துமூன்று, சீற் முப்பத்தாறரை. இப்போது சீற் முப்பத்தாறுதான். வயிறு போன நோன்புப் பெருநாளுக்கே நாற்பத்திரண்டைத் தொட்டிருந்தது.

வர்த்தகர் முகாமில் றிம்சானை அளந்திருப்பார்கள், அவர்களே சொல்லியிருப்பார்கள் என்று றெமிஜியஸ் தன்னைத் தேற்றிக்கொண்டார். ஒன்பது நாள் அந்தத் தேறுதலில் போனது.

பெப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு றிம்சான் பெருநாள் ஜுப்பாவுக்குத் துணியோடு வந்தார். நோன்பு தொடங்கினால் கடையில் நெருக்கம், அதனால் முந்திக்கொள்வது அவர் வழக்கம். பக்கத்தில் போட்டோப்பிரதிக் கடை வைத்திருக்கும் சில்வெஸ்டர் வாசலில் நின்றார். தொண்ணூற்றெட்டுக் கிலோ ஆள்.

“என்ன சில்வெஸ்டர், கடைக் கதவ இன்னம் அகலமாக்கல்லயா?”

“உங்கட வண்டி வயித்தப் பாத்துக் கதைங்க ஹாஜியார்.”

“இது வண்டியில்ல, காத்து. முப்பத்திநாலு இஞ்சி. நம்பாட்டி றெமி அண்ணன்ட கேளு.”

சில்வெஸ்டர் றெமிஜியசைப் பார்த்தார். றெமிஜியஸ் துணியை விரித்துப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

றிம்சான் சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்து மேசையில் போட்டார். முகாமில் கொடுத்தது. எடை அறுபத்தாறு கிலோ. இடுப்பு முப்பத்து நான்கு. ஆபத்துக் குறைவு.

“அளந்தாங்களா?” என்றார் றெமிஜியஸ்.

“எங்க அளக்க? நாலு பொம்புளப் புள்ளையள் நாடாவோட நிக்காளுகள், நம்மளச் சுத்திப் புடிக்க. நான் செல்லிட்டன், தொட வேணாம் மகள், முப்பத்திநாலு எண்டு போடு, றெமிஜியஸ் எடுத்த அளவு எண்டு. அந்தப் புள்ளயும் சிரிச்சிக்கிட்டு, றெமிஜியஸ் மாமா எடுத்ததெண்டாச் சரியாத்தான் இரிக்கும் எண்டு போட்டிட்டு. எனக்குப் பொறகால நிண்ட நம்மட ஆக்களும் அப்பிடித்தான். கால்சட்ட அளவச் செல்லிட்டு வந்திட்டானுகள்.”

றெமிஜியஸ் நாடாவை எடுத்தார். பழகிய கைகள் தாமாகவே நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போயின. கொப்பூழ் மட்டத்தில் நாடாவின் இரு முனைகளும் சந்தித்த இடத்தில் நாற்பத்திரண்டரை நின்றது. வயிறு மெத்தென்று இருக்கவில்லை. பறை மேளத்தின் தோல்போல இறுகியிருந்தது.

“நோன்புக்கு முதல் கொஞ்சம் நடப்பம் எண்டு கடற்கரையில நடக்கன்” என்றார் றிம்சான், கைகளைத் தூக்கியபடி. “மணல்ல கால் புதையக்க நெஞ்சில ஒரு புடிப்பு. நாடி, தாடையெல்லாம் உளையுது. நிண்டாப் போயிரும். வயித்துக் கேஸ்தான். இஞ்சி போட்டுக் குடிச்சா ஏவறை வரும், செரி.”

நடக்கும்போது வரும், நின்றால் போகும். இதைச் சொல்லத்தான் வேண்டும். இப்போதே, இந்த எண்ணையே. வாயைத் திறந்தார்.

“எத்தின?” என்று கேட்டார் றிம்சான்.

“முப்பத்திநாலு.”

றிம்சானிடம் பதின்மூன்றரை வருடமாக அதையே சொல்லிவந்த வாய், அவரை முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. றிம்சான் சில்வெஸ்டரின் கடைப்பக்கம் திரும்பி, “கேட்டயா?” என்று கத்திவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்.

அதன்பின் றெமிஜியசால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஒரு மணிக்கு மனைவி இமக்குலேற் சோறு கொண்டு வந்தபோது அவர் வெட்டு மேசையில் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். அவள் சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டாள்.

“இஞ்சேருங்க, போன் எடுத்துச் சொல்லுங்க.”

“என்னெண்டு சொல்லுற? இவ்வளவு காலமும் பொய் சொன்னன் எண்டா? அந்த மனுசன் ஊரெல்லாம் முப்பத்திநாலு எண்டு சொல்லித் திரியுது. கோவிச்சிருவார்.”

“கோவிச்சிக்கொண்டாவது இரிக்கட்டும்.”

மூன்று மணிக்கு அழைத்தார், எடுக்கவில்லை. நாலரைக்கும் எடுக்கவில்லை. ஐந்து மணிக்கும் ஐந்தே காலுக்கும் மணி போய்ப் போய் நின்றது. ஒவ்வொரு முறையும் கடற்கரை மணலில் ஒரு ஜுப்பா குப்புறக் கிடப்பது அவர் கண்ணில் வந்தது. ஆறு ஐம்பதுக்கு றிம்சானே அழைத்தார்.

“என்ன அண்ணன், நாலு மிஸ்ட் கோல். துணி காணாதா?”

“எங்க போனீங்க?”

“நடக்கத்தான். இண்டைக்கு ரெண்டு தரம் குந்திட்டன். இந்த மாட்டிறைச்சி வேலையக் காட்டுது.”

“நாளைக்கு நடக்க வேணாம். காலையில நான் வீட்ட வாறன். ஒரு விசயம் இரிக்கு.”

“பெருநாளுக்கு இன்னம் ஒண்டரை மாசம் கிடக்கு. ஆறுதலா வாங்க.”

மறுநாள் புதன்கிழமை றெமிஜியஸ் கடை திறக்கவில்லை. ஊரடங்கு நாட்களை விட்டால், வேலை நாளில் அந்தக் கடை பூட்டிக் கிடந்தது 2004க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நாலு புத்தகங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஏழரை பஸ்ஸில் சாய்ந்தமருதுக்குப் போனார்.

றிம்சான் சாரனோடு விறாந்தையில் இருந்தார். அவர் மனைவி நபீலா பிளேன்ரீ கொண்டு வந்து வைத்து, “இரிங்க அண்ணன்” என்றார். றெமிஜியஸ் இருக்கவில்லை. புத்தகத்தை விரித்து றிம்சானின் மடியில் வைத்தார். 2011 தொடங்கி இடைவிட்டு நாலு பெருநாட்கள், நீல எண்ணும் சிவப்பு எண்ணும். ஒன்று ஏறிக்கொண்டே போனது. மற்றது முப்பத்து நான்கிலேயே நின்றது.

“இதென்ன சிவப்பு?”

“நான் உங்களுக்குச் சொன்னது.”

“அப்ப நீலம்?”

“உள்ளது.”

றிம்சான் நான்காவது புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். முகம் கறுத்தது. நிறோசா சொன்னதை றெமிஜியஸ் ஒன்றையும் விடாமல் சொன்னார்: உள்ளே இருக்கும் கொழுப்பு, சிறுத்துப் போகும் குழாய், மணலில் வரும் பிடிப்பு கேஸ் இல்லை என்பது. குணம் ஆசிரியரையும் சொன்னார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார்.

“சில்வெஸ்டருக்கு முன்னால நேத்தும் முப்பத்திநாலு எண்டயே” என்றார் றிம்சான். முதல் தடவையாக ஒருமையில் பேசினார். “உள்ளுக்குச் சிரிச்சிரிப்பாய்.”

“சிரிக்கல்ல ஹாஜியார். பயந்துபோய்ச் சொன்ன.”

“எழும்பிப் போ. என்ட வீட்ட இரிக்காத.”

“நான் நிண்டுகொண்டுதான் இரிக்கன். ஏசுங்க, அடிங்க. ஆஸ்பத்திரிக்கு மட்டும் போவம்.”

றிம்சான் புத்தகத்தை எறிந்துவிட்டு எழுந்தார். இரண்டடி வைத்தார். இடக்கை தாடைக்குப் போனது. அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. இந்த முறை உட்கார்ந்த பிறகும் நெஞ்சுப் பிடிப்பு போகவில்லை.

“நபீலா” என்றார். குரல் சிறு பிள்ளையின் குரலாக இருந்தது.

நான்தான் கொன்றேன் என்று றெமிஜியஸ் நினைத்தார். சொல்லாமல் இருந்து பாதி, சொல்லி மீதி. நபீலா பக்கத்து வீட்டு ஓட்டோக்காரரைக் கூப்பிட்டு ஓடினார். இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினார்கள். றெமிஜியசின் தோளில் சாய்ந்திருந்த தலை கனத்தது. அந்த மெல்லிய கை அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. பிடி தளர்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு போனார். வழியில் இரண்டு தடவை தளர்ந்தது. இரண்டு தடவையும் அந்தக் கையைத் தன் கையால் இறுக்கிப் பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் எட்டு நாற்பதுக்கு ஈசிஜி எடுத்தார்கள். மென்று விழுங்க வில்லைகள் கொடுத்தார்கள். இளம் டொக்டர் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, “ஹார்ட் அற்றாக்தான். நேரத்துக்குக் கொண்டு வந்திட்டீங்க” என்றார். ஒன்பதேகாலுக்கு அம்புலன்ஸ் மட்டக்களப்புக்குப் புறப்பட்டது. உள்ளே ஒருவருக்குத்தான் இடம். நபீலா ஏறினார். றெமிஜியஸ் வாசலில் நின்றார். போகும்போது நபீலா திரும்பிப் பார்க்கவில்லை.

கடைக்கு வந்தார், ஆனால் பூட்டைத் திறந்து உள்ளே இருந்ததோடு சரி. தொலைபேசியை மேசையில் வைத்து அதன் முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டார். பதினொன்று, பன்னிரண்டு, இரண்டு. வெளியே மோட்டார் சைக்கிள் நின்றால் யாரோ செய்தி கொண்டு வருகிறார்கள் என்று எழுந்து வாசலைப் பார்த்தார். மாதாவை மன்றாட முயன்றார். செபத்தின் நடுவில் எண்கள் வந்து விழுந்தன.

நாலு பத்துக்கு நபீலாவின் அழைப்பு வந்தது.

“அண்ணன். கைக்குள்ளால குழாய் விட்டுப் பாத்தாங்க. ஒரு ரெத்தக் குழாய் முழுக்க அடைச்சிரிந்திச்சாம். அதுக்குக் கம்பி வல வெச்சாச்சி. இன்னொண்டு பாதிக்கு மேல அடைப்பாம், அது மறுகா பாக்கிறதாம். இப்ப கண் முழிச்சிக் கதைக்கார். அல்ஹம்துலில்லாஹ்.”

“நல்லது தங்கச்சி. நல்லது.”

“உங்களோட கதைக்க மாட்டாராம்.”

“காணும். கதைக்கத் தேவையில்ல. உயிரோட இரிந்தாக் காணும்.”

“நான் ஒண்டு கேக்கணும்.” நபீலாவின் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரைக் கூடப் பயப்படுத்தியது. “அந்தப் புத்தகத்த நான் செரியாப் பாக்கல்ல. அந்தப் பொய்ய முதல் எப்ப செல்லினீங்க?”

ஞாபகமில்லை என்று சொல்லலாம். புத்தகம் சாய்ந்தமருதில், அவர்கள் விறாந்தையில்தான் கிடந்தது. ஆனால் பார்க்காமலே அவருக்குத் தெரியும்.

“ரெண்டாயிரத்திப் பதினொண்டு, ஆகஸ்ட் பதினாறு. செவ்வாய்க்கிழமை. முப்பத்தாறே முக்கால் இரிந்திச்சி. அப்ப எனக்கு இது நோய் எண்டு தெரியாது தங்கச்சி.”

“நோய் தெரியாது. அளவு தெரியும்.”

“ஓம்.”

மறுபக்கத்தில் யாரோ தள்ளுவண்டி ஒன்றை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. நபீலா அழைப்பைத் துண்டிக்கவில்லை. றெமிஜியசும் துண்டிக்கவில்லை. தொலைபேசியைக் காதோடு அழுத்தியபடி, மற்றக் கையால் மேசை லாச்சியைத் திறந்து, மிச்சம் பதினைந்து பெயர்கள் இருந்த தாளை வெளியே எடுத்தார்.